சாய்மஞ்சத்தில் நாற்பது நிமிடங்கள்

நான் இறந்துபோனதைப் பற்றிப் பிழையான செய்திகள் பல வழங்குகின்றன. அவற்றைக் களைந்து, நடந்ததை நடந்தவாறே எழுதி வைக்கும் கடமை எனக்கு இருக்கிறது. அந்நிகழ்ச்சியை என்னைவிட அருகிலிருந்து அறிந்தவர் ஒருவரும் இலர். (“பாதி நேரம் தூங்கிக்கிட்டுதானே இருந்தீங்க” என்று இதை எட்டிப் படித்த என் மனைவி சொல்கிறாள். தூக்கமும் அருகாமைதான்.)

அக்கரப்பத்தனைப் பக்கத்தில், நான் சுடலையிலிருந்து எழுந்து நடந்து வந்ததாகக் கூறுகின்றனர். கொத்மலையில், சவப்பெட்டியின் மூடியைக் காலால் உதைத்துத் திறந்தேனாம். ஹட்டன் பேருந்து நிலையத்தில் முன்பின் அறியாத ஒருவர், “செத்துப் பொழச்ச வாத்தியாரு ஒருத்தர் இந்தப் பக்கத்துல இன்னமும் உசுரோட இருக்காராமுங்க, கேள்விப்பட்டீங்களா?” என்று என்னிடமே வினவினார். நான் அதிர்ந்துபோய், கேள்விப்பட்டதில்லை என்று கூறிவிட்டேன். சவப்பெட்டி எதுவும் இல்லை. சுடலைக்கும் நான் செல்லவில்லை. ஓர் இருக்கையில் படுத்திருந்தேன், அவ்வளவே. எனினும், நான் விழித்த பின்னரும் புகழுரை கேட்கும் ஆசையால் கண்மூடிக் கிடந்தேன் என்றொரு பழி உண்டு. அதனை மட்டும் என்னால் முற்றாக மறுக்க இயலவில்லை.

தேயிலைத் தோட்டப் பாடசாலைகளில் முப்பத்தேழு ஆண்டுகள் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். (எண்ணை மறந்துவிடாதீர்கள், பின்னால் உயிர்போகும் சிக்கல் அதில்தான் இருக்கிறது.) எங்கள் வீடு தோட்டத்தின் மேற்பிரிவான மேற்கணக்கில், பெருந்தெருவிலிருந்து அறுபத்திரண்டு படிகள் ஏறினால் வருகிறது. ஆறாண்டுகளுக்கு முன்னர், ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு, என் ஒரே மகள் செல்வியைப் பெண் பார்க்கக் கொத்மலையிலிருந்து வருவதாகச் சொல்லியனுப்பினர். மாப்பிள்ளையின் தந்தையார் நடராசா ஓய்வு பெற்ற தபாலதிபர். அதற்கு முன் வந்த இரண்டு வரன்கள் கைகூடவில்லை. மூன்றாவதும் தவறினால் செல்வி இனி யாருக்கு முன்னும் தேநீர்த் தட்டோடு வந்து நிற்கமாட்டேன் என்று சொல்லியிருந்தாள். சொன்னால் சொன்னதுதான், அக்குணம் என்னிடமிருந்து வந்தது.

எங்கள் கூடத்தில் இருந்தவை நான்கு பிளாஸ்டிக் கதிரைகள். அவற்றுள் ஒன்றின் காலைக் கம்பியால் கட்டியிருந்தோம். ஒரு தபாலதிபரைக் கம்பி கட்டிய கதிரையில் அமர்த்துவது எங்ஙனம்? நான் உணவு செல்லாமல் தவித்தேன்.

“ஒரு சோபா செட்டி வாங்கிப் போட்டா முடிஞ்சிச்சு” என்றாள் என் மனைவி மீனாட்சி.

அந்நாளில் அடுத்த தோட்டத்துத் துரை பங்களாவைச் சுற்றுலா விடுதியாக மாற்றிக்கொண்டிருந்தனர். பழைய தளபாடங்களைக் கேட்டவர்க்குக் கொடுத்து ஒழிக்கிறார்கள் என்று அறிந்து அங்கே சென்றேன். பூட்டிக் கிடந்த ஓர் அறையில், தூசு படாதிருக்க வெள்ளைத் துணி போர்த்திய உருவங்கள் வரிசையாக நின்றன. ஒன்றின் துணியை விலக்கினேன்.

அஃது உட்காரும் இருக்கையுமன்று, படுக்கும் கட்டிலுமன்று. ஒரு பக்கத்தில் மட்டும் தலைமாடு உயர்ந்து வளைந்திருக்கும். ஒரு பக்கத்தில் மட்டும் கை இருக்கும். மறுபக்கம் கால் நீட்டத் திறந்து கிடக்கும். நெதுன் மரத்தாலான சட்டம், பிரம்புப் பின்னல், நான்கு கால்களின் அடியிலும் உருளும் பித்தளைச் சில்லுகள். ஆங்கிலேயர் அதற்கு ஒரு பிரெஞ்சுப் பெயர் வைத்திருந்தனர். நான் அவ்விடத்திலேயே ‘சாய்மஞ்சம்’ என்று பெயரிட்டேன்.

அதை நான் முன்னரே ஒருமுறை கண்டிருந்தேன். என் தந்தையார் அப்பங்களாவில் பூந்தோட்ட வேலை செய்தவர். எனக்கு எட்டு வயதிருக்கும்போது, அவருக்குச் சோறு கொண்டுபோன நான் தவறான சன்னல் வழியே பார்த்துவிட்டேன். துரைசாணி அதில் ஒரு காலை நீட்டி, மறுகாலைத் தொங்கவிட்டு, வயிற்றின்மேல் பிஸ்கோத்துத் தட்டை வைத்துக்கொண்டு புத்தகம் படித்துக்கொண்டிருந்தார். முற்பகல் வேளை! என் தாயாரும் எங்கள் லயத்து வரிசை வீடுகளின் பெண்கள் அனைவரும் மலையில் முதுகு வளைந்து நிற்கும் வேளை! ஒரு மனிதப் பிறவி அந்நேரத்தில் உட்காரவும் செய்யாமல் உறங்கவும் செய்யாமல் இருக்க முடியும் என்பதே எனக்குப் பேரதிர்ச்சியாக இருந்தது. அவ்வதிர்ச்சி ஐம்பதாண்டு கடந்தும் தீரவில்லை. ஆகவே தபாலதிபருக்காகத்தான் அதை எடுத்தேன் என்று நான் ஊருக்குச் சொன்னது பாதி உண்மையே.

கைப்பேசியில் எடுத்த படத்தைச் செல்வியிடம் காட்டினேன். அவள் தன் கைப்பேசியைத் தட்டி, அவ்வகை மஞ்சங்களை நூற்றுக்கணக்கில் காட்டினாள். நூறாண்டு கடந்தவை, ஐம்பதாண்டுப் பழையவை, நேற்றுச் செய்தவை என மூவகை இருந்தன. நேற்றுச் செய்தவை இரும்புக் காலும் சாம்பல்நிறத் துணியுமாக, மருத்துவமனையில் ஊடுகதிர்ப்படம் எடுக்கும் மேசைபோல் இருந்தன.

“இது நல்லா இருக்கேப்பா. புதுசு. சில்லும் இல்ல, உருளாது.”

“மகளே, தொன்மைக்கு ஒரு மாண்பு உண்டு” என்றேன். அச்சொற்றொடரை நினைக்குந்தோறும் இன்றும் எனக்கு உடல் கூசுகிறது.

மகிழ்ச்சி மிகுதியாலோ, உணவு செல்லாததாலோ, வெள்ளிக்கிழமை எனக்கு இரத்த அழுத்தம் ஏறித் தலை சுற்றியது. டிக்கோயா ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் வைத்துப் பார்த்தார்கள். அச்செய்தி தோட்டம் முழுவதும் பரவியது. அந்தப் பரவலையும் வாசகர் மனத்திற்கொள்க. ஞாயிறு காலையில், “வீட்டுக்குப் போகலாம்; படி ஏறக்கூடாது; மாத்திரை போட்டுவிட்டு உறங்குங்கள்” என்று கூறி அனுப்பினர்.

நான் நேரே பங்களாவுக்குச் சென்று, சின்ன லொறி ஒன்றையும் ஹட்டனிலிருந்து சுமை தூக்கும் நால்வரையும் அமர்த்தி, சாய்மஞ்சத்தை அதன் வெள்ளைத் துணியோடேயே சுற்றிக் கயிற்றால் கட்டி ஏற்றினேன். எங்கள் படிக்கட்டின் அடிக்கு வந்ததும் சாரல் பிடித்தது. நான் படி ஏறலாகாது என்பதால் முச்சக்கர வண்டியில் மேல்வழியாகச் சுற்றி வீட்டின் பின்புறம் சேர்ந்தேன். அந்நால்வரும் அதைத் தோளில் ஏற்றிக்கொண்டு அறுபத்திரண்டு படிகளையும் மெல்ல மெல்ல ஏறினர்.

இந்தக் காட்சியைச் சற்றே எதிர்மலையிலிருந்து நோக்குங்கள். டிக்கோயாப் பக்கமிருந்து ஒரு லொறி வருகிறது. ஆஸ்பத்திரியில் கிடந்த வாத்தியாரின் வீட்டுப் படியடியில் நிற்கிறது. ஆள் நீளத்தில், தலைப்பக்கம் சற்றே உயர்ந்த ஒன்று வெள்ளைத் துணி சுற்றி இறக்கப்படுகிறது. நால்வர் அதைத் தோளில் சுமந்து, வாய் திறவாமல், மழையில் நனைந்தவாறு ஏறுகின்றனர். கொழுந்து மிகுந்த பருவமாதலால் ஞாயிற்றுக்கிழமையும் பெண்கள் மலையில் நின்றனர். படிக்கு மிக அருகே நின்றவள் பாக்கியம். நால்வரும் பேசிய ஒரே பேச்சு அவள் காதில் விழுந்தது.

“தலமாட்ட தூக்குடா. கால்மாடு இடிக்குது.”

“மெல்ல, மெல்ல. வீட்டுக்காரங்க பாத்தா ஏசுவாங்க.”

பாக்கியம் கொழுந்துக் கூடையை இறக்கி வைத்தாள்.

எதிர்மலையில் தன் வீட்டு வாசலில் நின்றவர் ராமையா. எங்கள் மரண உதவிச் சங்கத்தின் செயலாளர். அச்சங்கத்தின் தலைவர் யார்? நானே. முன்னர் ஒருமுறை, கூடாரம் வைத்த அறையின் சாவியை வைத்திருந்தவர் ஹட்டனுக்குப் போய்விட, ஒரு கேதவீடு பொழுதுசாயும்வரை மழையில் நனைந்தது. வெகுண்டெழுந்த நான் ஓர் இரவு முழுதும் விழித்திருந்து விதிகள் இயற்றினேன். அவற்றுள் ஏழாம் விதி பின்வருமாறு: “இறப்பு நேர்ந்தமை கண்ணாலோ செவியாலோ அறியப்பட்ட கணமே, எவருடைய ஆணைக்கும் காத்திராது, வெள்ளைக் கொடியும் கூடாரமும் ஒரு மணி நேரத்தினுள் அமைக்கப்படல் வேண்டும், துயருற்ற குடும்பத்தாரை வினவித் தொல்லைப்படுத்தலாகாது.” இறுதித் தொடரை எழுதியபோது என் பண்பை எண்ணி நானே நெகிழ்ந்தது நினைவிருக்கிறது.

வீட்டில் மீனாட்சி சாய்மஞ்சத்தைச் சுற்றி இருமுறை நடந்தாள்.

“இதுல எங்கங்க ஒக்காருறது? கை ஒரு பக்கந்தான் இருக்கு. மத்தக் கைய பங்களாவுலயே விட்டுட்டு வந்துட்டீங்களா?”

“அதன் அமைப்பே அவ்வாறுதான்.”

“தபாலதிபர் ஒக்காரணுமா, படுக்கணுமா?”

“சாய வேண்டும்.”

“மொத மொத பொண்ணு பாக்க வந்த வீட்டுல அந்த மனுசன் சாயுவாரா?” அவள் கையால் தொட்டாள், மஞ்சம் ஒரு சாண் உருண்டது. எங்கள் கூடத்துத் தரை வாசற்பக்கம் சற்றே சரிவானது. “ஐயோ, இது நடக்குதுங்க! சில்லுக்கு ஒரு கல்லு வைங்க.”

“கல் வைத்தால் அதன் அழகு கெடும்” என்று மறுத்துவிட்டேன்.

அதன் பின் நடந்தவற்றில் தனித்தனியாக ஒன்றிலும் தவறில்லை. மாத்திரை போட்டேன். கொஞ்சம் சாய்ந்து பார்க்கிறேன் என்று படுத்தேன். மழைக்குளிருக்கு வழக்கம்போல் காதில் பஞ்சு அடைத்து, கழுத்துத் துணியைத் தாடைக்குக் கீழிருந்து உச்சந்தலைவரை சுற்றிக் கட்டினேன். மீனாட்சி அந்த வெள்ளைத் துணியையே என்மேல் போர்த்தினாள். விருந்தினர் வரும் நன்னாள் என்பதால் தலைமாட்டருகே குத்துவிளக்கை ஏற்றி வைத்தாள். மேலேயுள்ள பிள்ளையார் கோயிலில் ஒரு தேங்காய் உடைத்துவிட்டு வருவதாகச் சொல்லிச் செல்வியையும் அழைத்துக்கொண்டு போனாள். போகும்போது, மாப்பிள்ளை வீட்டார் முந்தி வந்துவிட்டால் கதவு மூடியிருக்கக்கூடாதென்று வாசலைத் திறந்தே வைத்தாள்.

ஒரு காலை நீட்டினேன். மறுகாலைத் தொங்கவிட்டேன். வயிற்றின்மேல் பிஸ்கோத்து இல்லை என்பதே குறை. பின்னர் குளிரவே இரு கால்களையும் சேர்த்து நீட்டிக்கொண்டேன். உறங்கிப்போனேன்.

ஏழாம் விதி எவ்வளவு திறம்பட இயங்கியது என்பதைப் பின்னரே கேட்டறிந்தேன். அரைமணி நேரத்தில் படிக்கட்டின் இருபுறமும் வெள்ளைக் கொடிகள். முக்கால் மணி நேரத்தில் முற்றத்தில் கூடாரம். என் படத்தின் பக்கத்தில் விளக்கு எரிவதுபோல் அமைத்துச் சங்கத்தின் கைப்பேசிக் குழுவில் அறிவித்தல் போயிற்று. செல்வியின் கைப்பேசி கோயிலுக்குப் போகாமல் அடுப்படியில் மின்னேறிக்கொண்டே ஓயாமல் துடித்திருக்கிறது. குடும்பத்தாரை வினவலாகாது என்பதால் எவரும் மீனாட்சியைத் தேடவில்லை. “அம்மாவ சொந்தக்காரங்க கூட்டிக்கிட்டுப் போயிருப்பாங்க” என்று ராமையா முடிவு செய்துவிட்டார்.

என் கனவில் செல்வியின் திருமணம் நடந்துகொண்டிருந்தது. மேளம் முழங்கியது. ஏதோ தாளம் வேறாக இருக்கிறதே என்று ஐயுற்றவாறு விழித்தேன். அது தப்பு, சாவுக்கு அடிக்கும் பறை. மிக அருகே ஒரு பெண்குரல்:

“எங்க ஐயா... மேக்கணக்குத் தங்கமே... தேத்தண்ணி வேணுமின்னு ஒரு நாளும் கேட்டதில்லையே... தேநீர் அருந்தலாமோன்னு கேப்பீங்களே எங்க ஐயா...”

பாக்கியம்! கண்ணை இமையளவு திறந்தேன். கூடம் நிறையப் பெண்கள், ஒருவர் தோளை ஒருவர் கட்டிக்கொண்டு அழுதனர். யார் இறந்தார் என்று பதறினேன். செல்வியோ? மீனாட்சியோ?

“வாயத் தொறந்தா நூலு நூலாக் கொட்டுமே... ஒரு வார்த்த எங்களுக்கு வெளங்காதே... வெளங்காட்டியும் கேக்க நல்லாருக்குமே எங்க ஐயா... எம் புள்ளைய பெஞ்சு மேல நிக்க வச்சீங்களே... அவன் இன்னமும் கொழும்புல கடையில நின்னுக்கிட்டே இருக்கானே...”

அப்போதுதான் உறைத்தது. இறந்தவன் நானே.

எழுந்திருக்க வேண்டும், அதில் ஐயமில்லை. ஆனால் எப்படி? இருபது பெண்களுக்கு நடுவே பிணம் எழுந்தால் எத்தனை உயிர் போகும்? நயமாக எழுவது எவ்வாறென்று சிந்தித்துக் கிடந்தேன். (அப்படிச் சிந்திக்கையில் புகழுரையும் காதில் விழுந்தது; காதைப் பொத்தவா முடியும்? பஞ்சு வைத்திருந்தேன், அதையும் மீறி விழுந்தது.) அவ்வேளையில் ராமையா தொண்டையைச் செருமிக்கொண்டு கால்மாட்டில் வந்து நின்றார். கையில் சங்கத்தின் குறிப்பேடு. அவர் அருகே, கைகூப்பி, கண்கலங்கி, முன்பின் காணாத ஒருவர். நரைத்த தலை, வெள்ளைச் சட்டை, பையில் இரண்டு பேனாக்கள்.

தபாலதிபர்!

மாப்பிள்ளை வீட்டார் முன்னதாகவே வந்துவிட்டனர். படியடியில் வெள்ளைக் கொடியைக் கண்டு விசாரித்திருக்கின்றனர். நல்ல காரியத்துக்கு வந்த இடத்தில் இப்படி ஆயிற்றே, திரும்பிவிடலாம் என்றாராம் அவர் மனைவியாகிய அம்மையார். “வாசல் வரைக்கும் வந்துட்டு எழவு கேக்காம போனா மனுசனா நாம?” என்று நடராசா பழத்தட்டை வண்டியில் வைத்துவிட்டுப் படியேறினாராம். என் மகளின் வாழ்வு என் கால்மாட்டில் கைகூப்பி நிற்கிறது. நானோ தாடையைக் கட்டிக்கொண்டு கிடக்கிறேன்!

“நமது சங்கத்தின் தலைவர்” என்று ராமையா படிக்கத் தொடங்கினார், “முப்பத்தாறு ஆண்டுகள் ஆசிரியப் பணியாற்றி...”

பொறுத்தேன்.

“...அந்த முப்பத்தாறு ஆண்டுகளிலும்...”

“முப்பத்தேழு” என்றேன், எழுந்து உட்கார்ந்து.

தாடை கட்டியிருந்ததால் குரல் நிலத்துக்கு அடியிலிருந்து வருவதுபோல் வந்ததாகச் சொல்கிறார்கள். ராமையா குறிப்பேட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. கூட்டந்தோறும் நான் அவரை இடைமறித்துத் திருத்துவது வழக்கம். “நன்றி தலைவரே” என்றார். “முப்பத்தேழு ஆண்டுகளிலும்...”

பின்னர் நிறுத்தினார். கூடம் முழுவதும் நின்றது. தப்பு நின்றது. மழைகூட நின்றதாக எனக்கு நினைவு.

அப்போதாவது நான் அசையாதிருந்திருக்கலாம். கால்களைக் கீழே போட முயன்றேன். கல் வைக்காத சில்லுகள், சரிவான தரை. சாய்மஞ்சம் என்னோடு வாசலை நோக்கிப் புறப்பட்டது. எழுந்து உட்கார்ந்த பிணம், வெள்ளைத் துணி போர்த்தியவாறு, தங்களை நோக்கி உருண்டு வருவதை அப்பெண்கள் கண்டனர். அவர்கள் எழுப்பிய ஓசையை எழுத்தில் வடிக்க முப்பத்தேழு ஆண்டு கற்பித்த தமிழும் எனக்கு உதவவில்லை. பாக்கியம் சன்னல் வழியாகச் சென்றாள். ராமையா பின்னடியாக நடந்து கூடாரக் கம்பத்தில் மோத, முற்றத்தில் கூடாரம் ஒரு பக்கம் சரிந்தது. நான் பக்கவாட்டில் குதித்துத் தப்பினேன். ஆளற்ற மஞ்சம் தொடர்ந்து உருண்டு, அசையாது நின்ற நடராசாவின் முழங்காலை மென்மையாகத் தொட்டது. அவர் கண்கள் மேலே சென்றன. கால்கள் மடங்கின. நீளவாக்கில், தலைமாடு தலைமாட்டிலும் கால்மாடு கால்மாட்டிலுமாக, மிகச் சரியாக அதன்மேல் விழுந்தார்.

எவருக்கென்று அதை வாங்கினேனோ, அவர் அதில் சாய்ந்துவிட்டார்.

ராமையா தண்ணீர் கொண்டுவந்து தெளித்தார். மூச்சு சீராக இருந்தது, கண்மட்டும் திறக்கவில்லை. உடல் நடுங்கவே, என் வெள்ளைத் துணியை எடுத்து அவர்மேல் கழுத்துவரை போர்த்தினேன். நான் நல்லெண்ணத்தோடு செய்தவை அனைத்தும் அன்று இவ்வாறே முடிந்தன. ஏனெனில், சரியாக அந்நேரத்தில் மீனாட்சி வந்தாள்.

கோயில் வாசலிலிருந்து கீழே பார்த்திருக்கிறாள். தன் வீட்டுக்கு வெள்ளைக் கொடி. ஆஸ்பத்திரியிலிருந்து அன்று காலைதான் வந்த கணவனைத் தனியே படுக்க வைத்துவிட்டு வந்தவள். வழியை விட்டுத் தேயிலைச் செடிகளுக்குள் இறங்கி ஓடி வந்திருக்கிறாள். சேலை கிழிந்து, கையெல்லாம் கீறி, உள்ளே பாய்ந்தவள் எவர் முகத்தையும் பார்க்கவில்லை. சாய்மஞ்சத்தில் வெள்ளைத் துணிக்குள் கிடந்த மனிதரின் நெஞ்சில் விழுந்தாள்.

“என்னங்க... கல்லு வைங்கன்னு சொன்னேனே, கேட்டீங்களா? ஒரு சொல்லு கேட்டீங்களா எஞ்சாமி? இனிமே என்னைய யாருங்க திருத்துவா? பேசுறதெல்லாம் தப்புத் தப்பாப் பேசிக்கிட்டு நா தனியா எப்புடிங்க இருப்பேன்?”

நான் அவளுக்குப் பின்னால் நின்றேன். என் திருத்தங்கள் அவளுக்கு முள்ளாகக் குத்துகின்றன என்றே நான் இல்லறம் முழுவதும் எண்ணியிருந்தேன். அன்று எனக்கு நேர்ந்த அதிர்ச்சிகளுள் பெரியது இதுவே.

வாசலோரம் நின்ற அம்மையார், மாப்பிள்ளையின் தாயார், மெல்ல வந்து மீனாட்சியின் தோளைத் தொட்டார்.

“அக்கா, எந்திரிங்க. இது எங்க வீட்டுக்காரரு. ஒங்க வீட்டுக்காரரு பின்னால நிக்கிறாரு.”

மீனாட்சி திரும்பினாள். என்னைத் தலையிலிருந்து காலடிவரை பார்த்தாள். அருகே வந்து கன்னத்தைத் தொட்டாள். சூடு இருக்கிறதா என்று பார்த்திருப்பாள். பிறகு தோளில் ஓங்கி ஒன்று வைத்தாள். வாசலில் மூச்சிரைக்க வந்து நின்ற செல்வியின் கன்னங்களில் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. என்னைக் கண்டாள்; மஞ்சத்தில் கிடந்தவரைக் கண்டாள்; ஒரு கையில் உடைந்த தேங்காய் மூடியோடு நிலையைப் பிடித்துக்கொண்டு சிரிக்கத் தொடங்கினாள். நிறுத்த முயன்றாள், முடியவில்லை. அவளுக்குப் பின்னால் கையில் கூடாரக் கயிற்றோடு நின்ற இளைஞன் ஒருவனும் சிரித்தான். சரிந்த கூடாரத்தைத் தூக்கிக் கட்ட உதவிக்கொண்டிருந்தானாம். எங்கள் சங்க உறுப்பினன் என்று எண்ணி, “சிரிப்பதற்கு இஃது இடமன்று” என்று அவனைக் கண்டித்தேன். மாப்பிள்ளை அவன்தான் என்று ராமையா என் காதில் சொன்னார்.

அம்மையார் சிரிக்கவில்லை. “வெள்ளக் கொடி கட்டுன வீட்டுக்குப் பொண்ணு பாக்க வந்தது ஒலகத்துலயே நாமதான்” என்றார், யாரையும் பாராமல்.

மூன்றாவது வரனும் போயிற்று என்று நான் சுவரைப் பிடித்துக்கொண்டேன். அப்போது மஞ்சத்திலிருந்து ஒரு குரல் வந்தது. நடராசா கண் திறந்திருந்தார். எழ முயலவில்லை.

“வாத்தியாரே, இது என்னா சாமானுங்க? இடுப்பு வலி தெரியவே இல்ல. தபால் கந்தோர் ஸ்டூலுலயே ஒக்காந்து தேஞ்ச இடுப்புங்க இது.”

அம்மையார் கணவரை நோக்கினார். கீறிய கைகளோடு நின்ற மீனாட்சியை நோக்கினார்.

“நீங்க செத்தா நா இப்புடித் தேயிலைக்குள்ள விழுந்தடிச்சு ஓடி வருவேனான்னு எனக்குத் தெரியல. இந்தம்மா வளத்த பொண்ணு நம்ம வீட்டுக்கு வரட்டும். மொதல்ல அந்தக் கொடியெல்லாம் அவுக்கச் சொல்லுங்க.”

“மன்னிக்கணும்” என்று ராமையா முன்வந்தார். “விதிப்படி மூணு நாளைக்குக் கொடிய கழட்ட ஏலாது. தலைவரு எழுதுனதுதான்.”

விதி அன்றே திருத்தப்பட்டது. இப்போது ஏழாம் விதியில், “இறந்தவர் பெயரை மும்முறை உரக்க அழைத்து, மறுமொழி கூற அவருக்குப் போதிய வாய்ப்பளித்த பின்னர்” என்னும் தொடர் சேர்க்கப்பட்டுள்ளது. அக்கம்பக்கத் தோட்டத்துச் சங்கங்கள் இதனைப் படித்து வியக்கின்றன.

மாப்பிள்ளை வீட்டார் சீர் எதுவும் வேண்டாம் என்றனர். நடராசா மட்டும் தயங்கித் தயங்கி ஒன்றைக் கேட்டார். சாய்மஞ்சம் இன்று கொத்மலையில், நீர்த்தேக்கம் தெரியும் சன்னலருகே, நான்கு சில்லுக்கும் கல் வைத்து நிற்கிறது. அம்மையார் அதனைத் தொட்டதே இல்லை. கூட்டும்போதுகூடச் சுற்றிச் செல்கிறாராம். எட்டு வயது முதல் ஏங்கிய அம்மஞ்சத்தில் நான் வாழ்நாளில் படுத்தது மொத்தம் நாற்பது நிமிடங்கள். அதிலும் பாதிநேரம் நான் உயிரோடு இல்லை.

செல்வி தன் சம்பளத்தில் எங்களுக்குப் புதியதொன்று வாங்கித் தந்தாள். இரும்புக்கால், சாம்பல்நிறத் துணி, உருளாது. அதில் படுத்தாலும் நான் ஒரு காலைத் தொங்கவிட்டே படுக்கிறேன். பகலில் நான் கண்ணயர்ந்தால், எங்கள் வீட்டில் எவரும் என்னைத் தொட்டு எழுப்புவதில்லை. மீனாட்சி அடுப்படியிலிருந்து, “முப்பத்தாறு வருசம்!” என்று குரல் கொடுப்பாள். “முப்பத்தேழு” என்று தூக்கத்திலேயே சொல்வேன். “சரி, இருக்காரு” என்று அவள் உலையைக் கவனிக்கப் போய்விடுவாள். மருமகன் தொலைபேசியில் அழைத்தாலும் நலம் விசாரிப்பதில்லை. அவ்வெண்ணைத்தான் தவறாகச் சொல்கிறான்.

நினைவிலிருந்து எழுதியதாகலின், படிகளின் கணக்கிலோ ஒப்பாரியின் சொற்களிலோ இவ்வரலாற்றில் பிழைகள் புகுந்திருக்கலாம். அன்று கூடத்தில் இருந்தோரும், சன்னல் வழியே வெளியேறியோரும், அறிந்தவற்றைத் தெரிவித்துத் திருத்தி உதவுமாறு பணிவுடன் வேண்டுகிறேன். ஒன்றைமட்டும் தவறாகவே சொல்லிக்கொண்டிருங்கள். நான் திருத்தும்வரை, இருக்கிறேன் என்று பொருள்.